படுவான்கரையின் மறிகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் கதிரவன் எழுவதால் எழுவான்கரை எனவும், மேற்குப் பக்கம் அவன் படுவதால் படுவான்கரை எனவும் நம் முன்னோர் வழங்கினர். படுவான்கரையின் உள்நிலத்தே, பெருங்குளம் ஒன்றை அணைத்துக் கிடப்பது உன்னிச்சை. இப்பகுதியின் வளம் கூறுவோர் நெல்லையும் தயிரையும் கூறுவர். வேலியோரத்து வெள்ளாட்டைக் கூறுவார் அரியர். ஏழைக் குடும்பத்தின் வரலாறு எழுதப் புகுவோன் அதனையன்றோ முதற்கண் கூறுதல் வேண்டும்?

மனிதன் வெள்ளாட்டைப் பழக்கி ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகள் ஆயின. மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில் கஞ்ச் தரே என்னும் மேட்டை 1965 முதல் அகழ்ந்தபோது, ஆட்டின் குளம்பு பதிந்த மண் செங்கற்கள் கிடைத்தன. அங்கு கிடைத்த எலும்புகளை மெலிண்டா சீடர், பிரையன் ஹெஸ்ஸி என்னும் இருவர் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். கிடாய்கள் இளமையிலேயே கொல்லப்பட்டிருந்தன; மறியாடுகளோ முதுமை வரை காக்கப்பட்டிருந்தன. வேடன் இங்ஙனம் தெரிந்து கொல்லான். பட்டியைப் பெருக்க நினைத்தவனே அவ்வாறு செய்வான்.

தமிழரும் இவ்விலங்கை நெருங்கி அறிந்தவரே. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களுள் மறி என்பதை ஆட்டுக்கும் உரியதாக்குகின்றது. ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர். பெண்ணுக்கு மூடு, கடமை என இரண்டு. கடமை என்ற சொல் பெண்ணாட்டையும் குறித்ததென்பது என் மாணவருக்கு ஆண்டுதோறும் வியப்பளிக்கும் செய்தி!

இனி, மறியின் முதல் நாளுக்கு வருவோம். மனிதக் குழந்தைக்கு நோயெதிர்க்கும் பொருள் கருவிலேயே தாயிடமிருந்து வந்து சேர்கின்றது. ஆட்டுக்குட்டிக்கு அவ்வாறன்று, நச்சுக்கொடி அதனைக் கடத்துவதில்லை. ஆதலின் அது வெறுங்கையோடே பிறக்கின்றது. சீம்பால், அதாவது நம்மவர் கூறும் கடும்புப்பால் ஒன்றே அதன் கவசம். அக்கவசத்தைக் குடல் உள்வாங்கும் வாயில் நேரம் செல்லச் செல்ல அடைந்து, ஒரு நாளளவில் மூடிவிடும். பால் வழியே இவ்வாற்றல் குட்டிக்குச் செல்வதை எலிகளைக் கொண்டு 1892இல் காட்டியவர் பவுல் ஏர்லிக். தியோபால்ட் சிமித்தும் ரால்ப் லிட்டிலும் 1922இல் கன்றுகளில் ஆராய்ந்தபோது, சீம்பால் பெறாதவற்றுட் பெரும்பாலான இறந்தன, பெற்றவை பிழைத்தன. ‘கடும்புப்பால் குட்டிக்குக் கழிச்சல் தரும்’ என்று கறந்து ஊற்றும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது கொலைக்கு ஒப்பாகும் என்பேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துள் குட்டி மடி பற்றல் வேண்டும். முதல் நாளில் அதன் எடையிற் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே செல்லல் நன்று. இரண்டு கிலோக் குட்டிக்கு இருநூறு மில்லிலீட்டர் என நேயர்கள் கணக்கிடலாம். தாய் ஒதுக்கினால் கறந்து புகட்டலாம். அன்றே ஈன்ற வேறோர் ஆட்டின் பாலும் உதவும். கொப்பூழ்க்கொடியை அயடினில் தோய்த்து, உடலைத் துடைத்து, ஈரமற்ற பரணில் விடுதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை படுவான்கரையை நனைக்கும் கார்த்திகை, மார்கழியில் குளிரே முதற் பகை. அம்மாதங்களில் பள்ளிக்கு வராத பிள்ளையை ஏனென்று வினவின், “ஆடு குட்டி போட்டது, சேர்” என்பான். நான் அதனை மெய்யான காரணமாகவே பதிந்துகொள்வேன்.

இப்பகுதி இழப்புகள் பல கண்டது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2007 மார்ச்சு மாதத்தில் போர் நெருங்க, படுவான்கரையினின்று பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். மே மாதம் முதல் மீள்குடியேற்றம் தொடங்கியது. கைவிட்டுச் சென்ற கால்நடையை மீண்டும் காண்பது எளிதா? மாட்டுப்பட்டியை மீண்டும் எழுப்ப நெடுங்காலம் வேண்டும்: பசுவின் சினை ஒன்பது திங்களுக்கு மேல், ஈனுவது ஒரு கன்று. ஆட்டுக்கோ நூற்றைம்பது நாள், பெரும்பாலும் இரட்டை. நன்கு பேணினால் ஈராண்டில் மும்முறை ஈனும். குழை வெட்டிப் போட ஒரு சிறுமி போதும். ஒரு மூடு இரண்டாண்டில் ஆறு மறி தருமெனில், அவற்றுள் மூன்று முதல் நாளில் இறப்பதும் இறவாதிருப்பதுமே அக்குடும்பம் எழுவதையும் எழாததையும் தீர்மானிக்கின்றது.

பிழைத்த மறிகளுள் கிடாய் சந்தைக்குப் போகும். பெண் குட்டி வீட்டில் நிற்கும். உன்னிச்சைப் பெண் ஒருத்தி முற்றத்தில் நின்று போடும் இக்கணக்கும், சாக்ரோஸ் மலையில் எலும்புகளாய்க் கிடந்த கணக்கும் ஒன்றே.