கெலாங் பாத்தாவில் தரையிறங்கிய மேகம்

மலாய் மொழியில் 'உடைந்த வளையல்' என்று பொருள்படும் ஊர் கெலாங் பாத்தா. தோட்டமும் மீன்பிடியுமாக இருந்த இவ்வட்டாரம், 1998-இல் சிங்கப்பூருக்கான இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பின் வேகமாக மாறியது. இதை நிர்வகித்த மத்திய ஜொகூர் பாரு நகராண்மைக் கழகம், 2017 நவம்பர் 22-இல் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றமாக உயர்ந்தது.

ஊர் வளர்ந்தால் கணக்கும் வளரும். மதிப்பீட்டு வரி, வியாபார லைசென்ஸ், கட்டட வரைபடம் எல்லாம் ஒரு காலத்தில் பேரேட்டில் இருந்தன. 1996-இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் மின் அரசாங்கத்தை முன்னிறுத்தியது. அரசு அலுவலகங்களில் கணினியும், அதற்கெனக் குளிரூட்டிய அறையும் வந்தன.

மேகக் கணிமை அடுத்த படி. சொந்தக் கிணறு தோண்டாமல், குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்டுவது போன்றது இது. மதிப்பீட்டு வரி செலுத்தும் கெடு பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதியில் முடிகிறது. அந்தச் சில நாள் நெரிசலுக்காக ஆண்டு முழுவதும் பெரிய இயந்திரங்களை வைத்திருக்கத் தேவையில்லை. வேண்டும்போது கூடுதலாக வாடகைக்கு எடுத்தால் போதும்.

2021 பிப்ரவரி 19-இல் அறிவிக்கப்பட்ட மைடிஜிட்டல் திட்டம், பொதுத்துறைத் தரவில் 80 விழுக்காட்டை 2022 இறுதிக்குள் மேகத்துக்கு மாற்ற இலக்கு வைத்தது. மைக்ரோசாப்ட், கூகுள், அமேசான், டெலிகாம் மலேசியா ஆகிய நான்கு நிறுவனங்களுக்கு நிபந்தனையுடன் அனுமதி தரப்பட்டது.

பெயர்தான் மேகம்; இயந்திரங்கள் நிற்பது தரையில். இஸ்கண்டார் புத்ரியிலேயே பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவை மின்சாரத்தையும் தண்ணீரையும் ஏராளமாகக் கேட்பதால், விண்ணப்பங்களைச் சீர்தூக்க ஜொகூர் அரசு 2024-இல் தனிக் குழுவை அமைத்தது.

இங்கே மக்களின் பங்கு என்ன? 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே வாக்குச்சீட்டு இல்லாத வரி செலுத்துநர் வாய் திறந்தே கேட்க வேண்டும்: என் விவரம் எந்த நாட்டில் இருக்கிறது? நிறுவனத்தை மாற்றினால் முழுமையாகத் திரும்ப வருமா? கைப்பேசி பழகாத முதியவருக்கு முகப்பிடம் திறந்திருக்குமா? ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இவற்றுக்குப் பதில் கிடைக்க வேண்டும்.