கவர்னரை விலக்கும் முறை

ஒருவரைப் பதவியில் அமர்த்துதல் எளிது; அமர்ந்தவரை நியாயமாக இறக்கும் வழியை முன்னரே வகுத்து வைத்தலே அரிது. நம் தேசத்து இராஜ்யங்களின் கவர்னர் பதவியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

வெள்ளையர் ஆட்சியில் மாகாண கவர்னரை நியமித்தவர் பிரிட்டிஷ் மன்னர். சுதந்திரம் எய்திய 1947 ஆம் ஆண்டிலே அரசியல் நிர்ணய சபையார் வேறு விதமாக எண்ணினர். கவர்னரை மாகாணத்து ஜனங்களே வோட்டளித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்தம் முதல் முடிவு. அதற்கேற்ப 1948 ஆம் ஆண்டின் நகல் சட்டத்தில், அரசியல் சட்டத்தை மீறிய கவர்னர்மீது இராஜ்யத்துச் சட்டசபை குற்றஞ் சாட்டலாம் என்றும், மத்திய மேற்சபை அதனை விசாரித்து அவரை நீக்கலாம் என்றும் விதி கண்டிருந்தது.

எனினும் 1949 மே மாதத்தில் அம்முடிவு மாறிற்று. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதன் மந்திரி ஒருபுறமும், அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர் மற்றொருபுறமும் நின்றால் பிணக்கு நேருமென்று பலர் அஞ்சினர். தேசப் பிரிவினையால் உண்டான கவலையும் அக்காலத்தில் பெரிதாயிருந்தது. ஆகவே ஜனாதிபதி நியமிப்பதே முறையென்று தீர்மானித்தனர். தேர்தல் போகவே, சட்டசபை குற்றஞ் சாட்டும் விதியும் உடன் போயிற்று.

இப்போதுள்ள 156 ஆவது ஷரத்தின்படி, ஜனாதிபதியின் விருப்பமுள்ள வரையில் கவர்னர் பதவி வகிப்பார். பதவிக் காலம் ஐந்தாண்டு எனினும், அது அவ்விருப்பத்திற்கு உட்பட்டதே. ஜனாதிபதியோ மத்திய மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஜனாதிபதியை விலக்கப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். கவர்னருக்கோ குற்றச்சாட்டுமில்லை, விசாரணையுமில்லை. இராஜ்யத்துச் சட்டசபைக்கு இதில் யாதோர் அதிகாரமும் இல்லை.

இதன் பயனை நாம் கண்டிருக்கிறோம். 1980 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கவர்னர் பிரபுதாஸ் பட்வாரியும், 1981 இல் ராஜஸ்தான் கவர்னர் ரகுகுல் திலக்கும் காலம் முடியுமுன்னரே நீக்கப்பட்டனர். 2004 ஜூலையில் மத்தியில் ஆட்சி மாறியவுடன் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆகிய நான்கு இராஜ்யங்களின் கவர்னர்கள் ஒருசேர விலக்கப்பட்டனர்.

இந்நால்வர் நீக்கத்தை எதிர்த்துப் பி. பி. சிங்கால் தொடுத்த வழக்கில், 2010 மே 7 ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். விருப்பம் என்பது மனம்போன போக்கன்று. நீக்குதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அதனை வெளியிட வேண்டுவதில்லை எனினும், தீய நோக்கம் முகத்தோற்றத்திலேயே புலப்படுமாயின் கோர்ட்டார் காரணத்தைக் கேட்கலாம் என்றனர். மத்திய அரசின் கொள்கைக்கு ஒவ்வாதவர் என்பதும், அவ்வரசு அவரிடம் நம்பிக்கை இழந்தது என்பதும் நீக்கத்திற்குக் காரணமாகா என்பதே அத்தீர்ப்பின் சாரம். கவர்னர் மத்திய அரசின் ஊழியரல்லர் என்பது அதனால் நிலைநாட்டப்பெற்றது.

தமிழ்நாட்டு அரசு 1969 இல் நியமித்த ராஜமன்னார் குழுவினர், சுப்ரீம் கோர்ட்டு விசாரித்துத் தவறோ தகுதியின்மையோ மெய்ப்பட்டாலன்றிக் கவர்னரை நீக்கலாகாது என்று முன்னரே கூறியிருந்தனர். 2010 இல் பூஞ்சி கமிஷனார், குற்றஞ் சாட்டி விசாரிக்கும் பொறுப்பை இராஜ்யத்துச் சட்டசபைக்கு அளிக்கலாம் என்றனர். 1949 இல் மூடிய கதவை மீண்டும் திறக்கும் யோசனை இது. இவ்விரண்டும் சட்டமாகவில்லை.

நம் கருத்து இதுவே. காரணங் கூறாது நீக்கப்படுவோர் என்னும் அச்சமுள்ள கவர்னர் தம்மை நியமித்தவர் முகத்தையே நோக்குவர்; தாம் காக்க வேண்டிய ஜனங்களின் முகத்தை நோக்கார். அதே சமயம், தவறிழைத்த கவர்னரைக் கேட்க அந்த ஜனங்களுக்கும் வழியில்லை. இவ்விரு குறையும் நீங்க மருந்து ஒன்றே: குற்றத்தை வெளிப்படக் கூறுக, பதில் சொல்ல இடங் கொடுக்க, பின்னர்த் தீர்ப்பளிக்க. இராஜ்யத்திற்கு ஏற்ற இந்நெறி சங்கத்திற்கும் ஏற்றதே. நம் நிர்வாகிகளை அமர்த்தும்போதும் விலக்கும்போதும் நாம் இதனை மறவாதிருப்போமாக.