பற்றுக்கம்பி இல்லாத பட்டாணி

பட்டாணிக் கொடியின் பற்றுக்கம்பிக்குப் பிரெஞ்சில் 'வ்ரீய்' என்று பெயர். தச்சர் கையிலுள்ள சிறு துறப்பணத்துக்கும் அதே சொல்தான். புதுச்சேரியில் தாவரவியலைப் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அந்தச் சொல் மறக்காது.

முருங்கை, புளி போலப் பட்டாணிக்கும் கூட்டிலை. கீழே சிற்றிலைகள், நுனியில் கம்பிகள். ஆனால் கம்பி வரவேண்டிய இடத்திலும் சிற்றிலையே விடும் ஒரு ரகம் உண்டு. 'அகாசியா' பட்டாணி என்பார்கள். பாரிசுக்கு அருகே வெரியேரில் பரம்பரை விதை வணிகரான பிலிப் தெ வில்மோரேன் அதை மற்றப் பட்டாணியோடு கலந்து பார்த்தார். 1911இல் ஆங்கிலேயர் பேட்சனுடன் சேர்ந்து முடிவை வெளியிட்டார். விதையின் உருண்டை–சுருக்கமும் இலையின் கம்பியும், மெண்டல் சொன்னபடி தனித்தனியே பிரியாமல், பெரும்பாலும் சேர்ந்தே சந்ததிக்குப் போயின! இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் இருப்பதே காரணம். அது பிறகுதான் விளங்கியது. அதே ஆண்டு பாரிசில் நான்காம் சர்வதேச மரபியல் மாநாட்டை நடத்தியவரும் இந்த விதை வியாபாரிதான். பாடப்புத்தகங்கள் இவரை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம். 1917இல், 45 வயதில் போய்விட்டார்.

அந்த மரபணு எது என்று தெரிந்தது 2009இல். கண்டவர்கள், பேட்சன் முதல் இயக்குநராக இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலரும். மற்ற மரபணுக்களை ஏவும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. அது வேலை செய்தால் நுனியில் இலைப்பரப்பு விரியாமல் கம்பியாகிறது; பழுதானால் சிற்றிலையாக விரிகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்தால், கம்பி ஒடுங்கிய இலைபோலத் தட்டையாக இருக்கும். கம்பியில்லாத மணப்பட்டாணிப் பூச்செடிகளிலும் கெட்டுப்போயிருப்பது இதே மரபணுதான்.