பணம் தருபவரும் பொறுப்பேற்பவரும்: வட கரோலைனாவின் வட்டார மனநல அமைப்புகளின் ஆட்சிமுறை

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் கடுமையான மனநோய், போதைப்பழக்கம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுக்கு கிடைக்கும் பொதுச் சேவையை நான்கு வட்டார அமைப்புகள் நிர்வகிக்கின்றன. அலையன்ஸ், பார்ட்னர்ஸ், டிரில்லியம், வாயா என்னும் இவை மாநிலத்தின் 100 கவுண்டிகளையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மாநிலச் சட்டத்தொகுப்பின் 122சி அத்தியாயப்படி அமைந்த பொது அமைப்புகள்தாம். ஆனால் செய்வது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் வேலை. இவற்றில் முறைகேடு வெளிப்படும்போதெல்லாம் பேச்சு தலைமை அதிகாரியின் நேர்மையோடு முடிந்துவிடுகிறது. கோளாறு அதைவிட ஆழத்தில் இருக்கிறது என்பதே என் வாதம். ஆட்சிக்குழுவை நியமிப்பவை கவுண்டிகள். பணம் தருபவை மாநில, மத்திய அரசுகள். விளைவைச் சுமப்பவர்கள் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும். இம்மூவரும் ஒரே மேசையில் சம பலத்தோடு அமர இன்றைய அமைப்பில் வழியில்லை.

2001 வரை வட்டார மனநல அமைப்புகள் தாமே மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் பணியில் வைத்துச் சிகிச்சை அளித்தன. அவ்வாண்டின் சீர்திருத்தச் சட்டம் நிர்வாகத்தைச் சிகிச்சையிலிருந்து பிரித்து, சிகிச்சையைத் தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. 2005இல் பீட்மான்ட் வட்டாரத்தின் ஐந்து கவுண்டிகளில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விதிவிலக்கு ஒன்றின்கீழ் புதிய முறை சோதிக்கப்பட்டது. 2011இன் சட்டம் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஒவ்வொரு பயனாளிக்கும் மாதந்தோறும் ஒரு நிலையான தலைவீதத் தொகை வரும். அதற்குள் சேவையாளர்களுக்குக் கட்டணம் நிர்ணயித்து, எந்தச் சிகிச்சைக்கு அனுமதி, எதற்கு மறுப்பு என்று முடிவெடுத்து, கணக்கை ஈடுகட்ட வேண்டும். செலவு மிஞ்சினால் நட்டம் அமைப்புக்கு. மீந்தால் அது சேமிப்பு. ஆக, மறுக்கப்படும் ஒவ்வொரு சிகிச்சையும் கையிருப்பைக் கூட்டுகிறது. இதில் யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை.

இந்தச் சூழலில்தான் ஆட்சிக்குழுவைப் பார்க்க வேண்டும். 11 முதல் 21 வரை வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள். கவுண்டி ஆணையர், பயனாளர்–குடும்பத்தினர் ஆலோசனைக் குழுவின் பிரதிநிதி, போதையிலிருந்து மீண்டவர், நிதியும் காப்பீடும் அறிந்தவர்கள் எனச் சட்டம் வகை பிரித்துச் சொல்கிறது. சேவையாளர்களின் பிரதிநிதிக்கு வாக்கில்லை. அது சரியான ஏற்பாடு. பட்டியலில் நான் குறை காணவில்லை. ஆனால் அவ்வப்போது மட்டும் கூடும் இவர்கள் முன் வரும் ஒவ்வொரு தாளையும் தயாரிப்பவர்கள் தலைமை அதிகாரியின் கீழ் உள்ளவர்களே. இவர்களை நியமித்த கவுண்டிகளின் சொந்தப் பணமோ மெடிக்கெய்டு தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இதன் விளைவை 20 கவுண்டிகளுக்குப் பொறுப்பாயிருந்த கார்டினல் இன்னோவேஷன்ஸ் காட்டியது. 2017 மே மாதம் மாநிலத் தணிக்கையாளர் பெத் வுட் வெளியிட்ட அறிக்கை, அதன் தலைமை அதிகாரி ஆண்டுக்கு 6,35,000 டாலர் ஊதியம் பெற்றதைச் சுட்டியது. அது விதி அனுமதித்த உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டியது தொகையல்ல, அந்த ஊதியத்துக்கு ஆட்சிக்குழு ஒப்புதல் அளித்திருந்தது என்பது. அவ்வாண்டு நவம்பரில் அதே குழு அவரை நீக்கியது, ஏறத்தாழ 17 லட்சம் டாலர் விலகல் தொகையோடு. மாத இறுதியில் மாநில சுகாதாரத் துறை அமைப்பைத் தன் கையில் எடுத்தது. பின்னர் மெக்லன்பர்க் போன்ற பெரிய கவுண்டிகள் விலக முடிவெடுக்க, 2022 தொடக்கத்தில் கார்டினல் வாயாவோடு இணைந்து மறைந்தது. தணிக்கையும் வெளியேற்றமும்தான் பலித்தன. குழுவுக்குள்ளிருந்து தடை வரவில்லை. வெளியேறும் மிரட்டல் ஷார்லட் நகரம் உள்ள மெக்லன்பர்க் கவுண்டியின் வாயில் எடுபடும். ஏழைக் கிராமக் கவுண்டியின் வாயில் எடுபடாது.

சேமிப்பின் கதை இதைவிட முக்கியமானது, ஆனால் பேசப்படுவது குறைவு. இவ்வமைப்புகளிடம் பெருந்தொகை சேர்ந்திருப்பதைக் காரணம் காட்டி, 2015இல் சட்டமன்றம் மாநில நிதியில் 10 கோடி டாலருக்கு மேல் வெட்டியது. மெடிக்கெய்டு இல்லாத ஏழை நோயாளிகளுக்கு உதவுவது அந்த மாநில நிதிதான். பணம் குவிந்தபோதும் வெட்டப்பட்டபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

அமைப்புகளைப் பெரிதாக்கினால் நிதிவலுவும் ஒரே சீரான விதிகளும் வரும் என்பது எதிர்வாதம். 2023 நவம்பரில் சுகாதாரத் துறைச் செயலர் கோடி கின்ஸ்லி ஆறு அமைப்புகளை நான்காகக் குறைக்க ஆணையிட்டது அந்த நோக்கில்தான். 2024 ஜூலை முதல் உடல்நலச் சிகிச்சையையும் இவையே கவனிக்க வேண்டியிருப்பதால், அதில் நியாயம் உண்டு. ஆனால் டிரில்லியத்தின்கீழ் இன்று 46 கவுண்டிகள். உச்ச வரம்பு 21 இடங்கள் என்றால், பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளுக்குத் தமக்கென ஓர் உறுப்பினர்கூட இருக்க முடியாது.

மாற்று வழிக்கான விதை சட்டத்திலேயே இருக்கிறது. பயனாளர்–குடும்பத்தினர் ஆலோசனைக் குழு எல்லா அமைப்பிலும் கட்டாயம். ஆனால் கருத்துச் சொல்வதோடு அதன் அதிகாரம் நின்றுவிடுகிறது. கட்டாய இருப்புக்கு மேற்பட்ட சேமிப்பை எதற்குச் செலவிடுவது என்பதில் அதன் ஒப்புதல் வேண்டும். தலைமை அதிகாரிக்குக் கட்டுப்படாத ஊழியர்கள் அதற்குத் தரப்பட வேண்டும். மறுக்கப்பட்ட சிகிச்சைகளின் கணக்கு, கவுண்டிவாரியாக, ஒவ்வொரு கூட்டத்திலும் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். குடும்பத்தார் தம் பிள்ளைக்கு வேண்டிய சேவைக்கே சாய்வார்கள் என்ற ஆட்சேபம் எழும். சாய்வார்கள்தாம், வரியைக் குறைக்க விரும்பும் ஆணையருக்கும் சாய்வு உண்டு, அவருக்கு வாக்குரிமையும் உண்டு. ஒப்புதல் உரிமைக்குச் சட்டத் திருத்தம் தேவை. மற்ற இரண்டையும் மாநிலத் துறை தான் இவ்வமைப்புகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாகவே சேர்த்துவிடலாம்.