ஆணைக்குழு அறிக்கையும் இலக்கியமும்: டெரி, 1972

1972 ஜனவரி 30ஆம் திகதி, வட அயர்லாந்தின் டெரி நகரில், விசாரணையின்றித் தடுத்துவைக்கும் முறையை எதிர்த்து ஊர்வலஞ் சென்ற மக்கள்மீது பிரித்தானிய இராணுவத்தின் பரசூட் படைப்பிரிவினர் சுட்டனர். பதின்மூவர் அன்றே மாண்டனர். காயமுற்ற இன்னொருவர் சில மாதங்களின் பின் இறந்தார். இதனை மதப்பகையின் விளைவென்று கூறி அமைவோர் உளர். அந்நகரின் வீட்டுப் பிரச்சினையை நோக்கின் அவ்விளக்கத்தின் போதாமை புலனாகும்.

டெரியிற் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆயினும் 1960களில் மாநகர சபையின் 20 ஆசனங்களுள் 12 யூனியனிஸ்டுகளிடம் இருந்தன. வட்டார எல்லைகள் அதற்கேற்ப வகுக்கப்பட்டிருந்தன. உள்ளூராட்சி வாக்குரிமையோ குடித்தனக்காரருக்கும் அவர்தம் துணைவருக்குமே உரியது. பெற்றோருடன் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இல்லை. எனவே வீடு வழங்குவது வாக்கு வழங்குவதாகும், வீடு மறுக்கப்பட்டது. (வீடற்ற புரட்டஸ்தாந்தத் தொழிலாளியும் இவ்விதியால் வாக்கிழந்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.) சட்டைத் தொழிற்சாலைகளிற் பெண்கள் உழைக்க, ஆண்கள் வேலையின்றி இருந்தனர். இவற்றுக்கெதிராக 1968 அக்டோபர் 5இல் எழுந்த ஊர்வலத்தைப் பொலிசார் குண்டாந்தடியால் அடித்துக் கலைத்தனர். 1969 ஆகஸ்டில் இராணுவம் வந்தது. 1971 ஆகஸ்டில் தடுத்துவைப்பு வந்தது.

துப்பாக்கி செய்ததை எழுத்து தொடர்ந்தது. பிரதம நீதியரசர் விட்ஜரி பிரபுவின் அறிக்கை 1972 ஏப்ரலில் வெளியாயிற்று. ஊர்வலத்தை ஒழுங்குசெய்தோரை அது முதற்கண் பொறுப்பாளிகளாக்கிற்று. இறந்தோருட் சிலர் ஆயுதம் கையாண்டனர் என்ற ஐயத்தையும் பதிவுசெய்தது. சிப்பாய்களின் சூட்டில் ஒரு பகுதி பொறுப்பின்மையை அண்மித்தது என்பதே அது வழங்கிய அதிகபட்சக் கண்டனம்.

இவ்வெழுத்துக்கு எதிரெழுத்து உடன் தோன்றியது. ஒருவார காலத்துள் தொமஸ் கின்செல்லா, இறந்தோரின் ஆவிகளைப் பேசவைத்து நெடுங்கவிதை ஒன்றை வெளியிட்டார். தமது செறிந்த நடையை விடுத்து எளிய ஈரடிகளை அவர் தேர்ந்தமையைக் கலைக்குறைபாடென யாம் கொள்ளவில்லை. கோபத்துக்கு உகந்த வடிவம் அதுவே. அவ்வூர்வலத்தில் தாமே சென்றவரான பிறையன் பிரீல், 1973இல் 'நகரத்தின் சுதந்திரம்' என்னும் நாடகத்தை அளித்தார். கலவரத்துக்குத் தப்பி நகர மண்டபத்துட் புகும் வறியவர் மூவரும் வெளிவருகையிற் சுடப்படுகின்றனர். விசாரணை நீதிபதி அவர்களை ஆயுதபாணிகள் என்கிறார். மேடையில் ஒரு சமூகவியலாளரும் 'வறுமைப் பண்பாடு' பற்றி விரிவுரையாற்றுகிறார். நீதிபதியினும் இவரே கவனத்துக்குரியவர் என்பது எமது கருத்து. வறியோரின் மனப்பாங்கை விளக்கும் அவர், வீடுகளைப் பங்கிட்டவர் யார் என்று கேட்பதில்லை.

1998இல் நியமிக்கப்பட்ட சாவில் பிரபுவின் ஆணைக்குழு, கொல்லப்பட்டோர் எவரும் சிப்பாய்களுக்கு உயிராபத்து விளைவிக்கவில்லை என 2010இல் அறிவித்தது; பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட முன்னாட் சிப்பாய் ஒருவர் மட்டுமே. சான்று போதாதெனப் பெல்பாஸ்ட் நீதிமன்றம் 2025 அக்டோபரில் அவரை விடுதலை செய்தது.