ஆணிகள் காட்டிய குடியிருப்பு

பழைய வீட்டு அடித்தளங்களைச் சுற்றி மெட்டல் டிடெக்டருடன் நடப்போரில் பலர் தேடுவது நாணயத்தையும் பொத்தானையும் மோதிரத்தையுமே. கருவியின் வட்டச் சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே கிடக்கும் உலோகத்தில் அதனால் மின்னோட்டம் எழ, கருவி ஒலிக்கிறது. இரும்பின் ஒலியைத் தொல்லையெனக் கருதுவோர் அதை மட்டும் அடக்கிவிடும் வசதியும் அதில் உண்டு. அவ்வாறு அடக்கப்படும் ஒலியைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மாண்ட்பெலியர், அந்நாட்டு அரசியலமைப்பின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் மேடிசனின் பண்ணை. நான்காம் குடியரசுத் தலைவராக இருந்த அவர் 1836இல் அங்கேயே மறைந்தார். அவரது செங்கல் மாளிகை இன்றும் நிற்கிறது. வயலில் உழைத்த அடிமைகளின் மரக்குடில்களோ தரைக்கு மேல் சுவடின்றி மறைந்துவிட்டன. கல் அடித்தளமின்றி மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய குடில் மக்கிப்போனால் மிஞ்சுவது என்ன? பெரும்பாலும் ஆணிகள்தாம்.

அங்குள்ள தொல்லியலாளர்கள் பண்ணை நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். 2012 முதல், டிடெக்டர் பயன்படுத்தும் ஆர்வலர்களையும் இப்பணியில் சேர்த்துக்கொண்டனர். இரும்பொலியை அடக்காமல், அது செறிந்த இடங்களைக் குறித்தனர். குடியிருப்புகள் இருந்த இடங்கள் இவ்வாறு புலப்படலாயின.

ஆணிகள் காலத்தையும் சொல்லும். கொல்லர் சுத்தியலால் அடித்த ஆணி நாற்புறமும் கூம்பியிருக்கும். 1790களுக்குப் பின் பரவிய இயந்திர வெட்டாணி இருபுறம் மட்டுமே கூம்பும். உருண்டையான கம்பி ஆணி பெருகியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அக்காலத்து ஆணிகளுக்குப் பின்னாலும் அடிமைகளின் கைகள் உண்டு. அதே மாநிலத்து மாண்டிசெல்லோவில் தாமஸ் ஜெஃபர்சன் 1794இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் உழைத்தோர், பெரும்பாலும் 10 முதல் 16 வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள்.

துருவேறிய ஓர் ஆணிக்குச் சந்தையில் விலையில்லை. அதன் மதிப்பெல்லாம் அது கிடந்த இடத்தில் இருக்கிறது. இடத்தைக் குறிக்காமல் பிடுங்கியெடுத்தால் நம் கையில் எஞ்சுவது வெறும் இரும்பு. மாளிகைக்காரரின் வாழ்வைச் சொல்லக் கடிதங்களும் கணக்கேடுகளும் உள்ளன; வயலடிமை குடியிருந்த இடத்தைச் சொல்ல அந்த ஆணிகளே உள்ளன. ஆகவே, நாணயத்திற்காக இரும்பொலியை அடக்கும் முன் நாம் ஒருமுறை யோசிப்பது நல்லது.