கைக்குழந்தைகளின் உறக்க நிலை

கைக்குழந்தைகளின் உறக்க நிலை என்பது பிறந்தது முதல் ஓராண்டு நிறையும் வரை குழந்தையை எவ்வாறு படுக்கவைத்து உறங்கவைப்பது என்பதைக் குறிக்கும். குழந்தையை மல்லாந்த நிலையில், அதாவது முதுகு படுக்கையில் படுமாறு, உறுதியான சமதளப் படுக்கையில் கிடத்துவதே பாதுகாப்பானது என இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கிறது. இது பகல் உறக்கம், இரவு உறக்கம் ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். குப்புறப் படுக்கவைத்தல் திடீர் சிசு இறப்புக்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல ஆண்டுகள் மேலைநாட்டு மருத்துவ நூல்கள் குப்புறப் படுக்கவைக்குமாறே கூறிவந்தன. அவ்வறிவுரை மாற்றப்பட்டதால் பல்லாயிரம் குழந்தைகளின் உயிர் காக்கப்பட்டது.

திடீர் சிசு இறப்பு

உடல்நலத்துடன் காணப்பட்ட ஓராண்டுக்குட்பட்ட குழந்தை உறக்கத்தில் எதிர்பாராமல் இறந்து, பிணக்கூறாய்வு, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகியவற்றுக்குப் பின்னரும் காரணம் புலப்படாதிருப்பின், அது திடீர் சிசு இறப்புக் கூட்டறிகுறி எனப்படும். இது தொட்டில் மரணம் எனவும் வழங்கப்பட்டது. 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடைபெற்ற பன்னாட்டு மாநாட்டில் இதற்குத் தனிப்பெயரும் வரையறையும் அளிக்கப்பட்டன.

இவ்விறப்புகள் முதல் மாதம் முடிந்து நான்காம் மாதம் வரையிலான காலத்திலேயே மிகுதியாக நிகழ்கின்றன. ஏறத்தாழ 90 விழுக்காடு இறப்புகள் ஆறு மாதங்களுக்குள் ஏற்படுகின்றன.

1994இல் முன்வைக்கப்பட்ட மும்மை இடர்க் கோட்பாட்டின்படி, பின்வரும் மூன்றும் ஒருசேர அமையும்போது இறப்பு நேர்கிறது.

- மூச்சு, இதயத்துடிப்பு, விழிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் உள்ள வெளித்தெரியாத குறைபாடு
- வளர்ச்சியின் நெருக்கடியான பருவம்
- குப்புறப் படுத்தல், புகை, மிகை வெப்பம் போன்ற புற இடர்கள்

முதலிரண்டையும் பெற்றோரால் அறியவோ மாற்றவோ இயலாது. மூன்றாவதைத் தவிர்க்க இயலும். உறக்க நிலை முதன்மை பெறுவது இதனாலேயே ஆகும்.

நிலைகளின் ஒப்பீடு

குப்புறக் கிடக்கும் குழந்தையின் முகம் படுக்கையை ஒட்டியிருப்பதால், தான் வெளிவிட்ட கரியமில வாயு மிகுந்த காற்றையே மீண்டும் உள்ளிழுக்க நேரிடலாம். உடல் வெப்பம் வெளியேறுவது குறைகிறது. மேலும் இந்நிலையில் குழந்தை ஆழ்ந்து உறங்குவதால், ஆபத்தின்போது விழித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. குப்புறப் படுத்தால் குழந்தை நன்றாக உறங்குகிறது என்னும் கூற்று உண்மையே. ஆயினும் அந்த ஆழ்ந்த உறக்கமே இடருக்கு ஒரு காரணம் ஆகும்.

ஒருக்களித்த நிலை நிலையற்றது. அந்நிலையில் கிடத்தப்பட்ட குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும். ஆகவே இதுவும் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மல்லாந்து படுத்த குழந்தை பாலைக் கக்கினால் புரையேறி மூச்சடைக்கும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. உடலமைப்பு இதற்கு மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. எனவே எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் செல்ல வேண்டுமாயின் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போது மூச்சுக்குழலே கீழ்ப்புறம் அமைகிறது. மல்லாந்து உறங்கும் வழக்கம் பரவிய நாடுகளில் புரையேறி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை.

அறிவுரை மாறிய வரலாறு

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதி 1946இல் வெளியான குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் பெருமளவில் விற்பனையானது. அதன் 1950களின் பதிப்பில், வாந்தியால் மூச்சடைக்கக்கூடும் என்னும் காரணத்தைக் காட்டி, குப்புறப் படுக்கவைக்குமாறு அவர் அறிவுறுத்தினார். குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடக்கையில் எளிதாக மூச்சுவிடுவதை மருத்துவமனைகளில் கண்டமையும் இவ்வழக்கம் பரவத் துணைபுரிந்தது. நலமுடன் பிறந்த குழந்தைகளுக்கு இது பொருந்துமா என்பது ஆராயப்படவில்லை.

குழந்தைகளை மல்லாந்து உறங்கவைக்கும் வழக்கமுடைய ஹாங்காங்கில் இவ்விறப்புகள் அரிதாக இருந்தமை 1985இல் சுட்டிக்காட்டப்பட்டது. இதன்பின் பல நாடுகள் தம் அறிவுரையை மாற்றின.

- 1987: நெதர்லாந்தில் குப்புறப் படுக்கவைப்பதற்கு எதிரான பரப்புரை தொடங்கியது.
- 1991: நியூசிலாந்திலும் ஐக்கிய இராச்சியத்திலும் நாடு தழுவிய பரப்புரைகள் தொடங்கின. அவ்வாண்டில் தம் மகனை இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் பிரித்தானியப் பரப்புரையில் முதன்மைப் பங்கு வகித்தார்.
- 1992: அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புறப் படுக்கவைப்பதைத் தவிர்க்குமாறு பரிந்துரைத்தது. 1994இல் நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது.
- 2005: ஒருக்களித்த நிலையும் பாதுகாப்பற்றது என அக்கழகம் அறிவித்தது.

ஐக்கிய இராச்சியத்தில் 1991க்குப் பின்னர் இவ்விறப்புகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவில் 1990இல் 1,00,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 130 ஆக இருந்த வீதம், 2020இல் 40க்கும் கீழ் இறங்கியது. எனினும் உறக்கத்தில் நேரும் எல்லா எதிர்பாரா இறப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,500 குழந்தைகள் இறக்கின்றன.

2005இல் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். குப்புறப் படுப்பதன் தீங்குக்கான சான்றுகள் 1970ஆம் ஆண்டளவிலேயே கிடைத்திருந்தன என அவர்கள் கண்டறிந்தனர். அவை அப்போதே முறையாகத் தொகுக்கப்பட்டிருந்தால், ஐக்கிய இராச்சியத்தில் 10,000க்கும் மேற்பட்ட இறப்புகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆசுத்திரலேசியா ஆகியவற்றில் குறைந்தது 50,000 இறப்புகளையும் தடுத்திருக்கலாம் என அவர்கள் மதிப்பிட்டனர்.

பரிந்துரைகள்

- ஒவ்வொரு முறை உறங்கும்போதும் மல்லாந்து கிடத்த வேண்டும். வழக்கமாக மல்லாந்து உறங்கும் குழந்தையை ஒருநாள் மட்டும் குப்புறக் கிடத்துவது மிகுந்த இடருடையது. எனவே பாட்டி, உறவினர், காப்பகப் பணியாளர் என உறங்கவைக்கும் அனைவரும் இதை அறிந்திருத்தல் வேண்டும்.
- படுக்கை உறுதியாகவும் சமதளமாகவும் இருத்தல் வேண்டும். தலையணை, தளர்ந்த போர்வை, மென்பொம்மை ஆகியவற்றை அருகில் வைக்கலாகாது.
- குறைந்தது முதல் ஆறு மாதங்கள் பெற்றோரின் அறையிலேயே, அவர்களுக்கு அருகில் தனிப்படுக்கையில் உறங்கவைப்பது நல்லது.
- சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையுடன் உறங்குவது மிகவும் ஆபத்தானது.
- கருவுற்ற காலத்திலும் பின்னரும் புகைபிடித்தலைத் தவிர்க்க வேண்டும். வீட்டிலுள்ள பிறரும் குழந்தையின் அருகில் புகைத்தலாகாது.
- தாய்ப்பால் ஊட்டுதல் இடரைக் குறைக்கிறது.
- மிகுதியான உடைகளைத் தவிர்க்க வேண்டும். வீட்டினுள் உறங்கும்போது குல்லாய் தேவையில்லை.
- துணியால் இறுகச் சுற்றும் வழக்கம் இருப்பின், குழந்தை புரள முயலத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும்.

அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட சட்டம், 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும் தொட்டிலின் உட்புறம் கட்டும் பஞ்சணைகளையும் தடைசெய்தது.

தூளி

தமிழர் இல்லங்களில் சேலையால் கட்டப்படும் தூளி அல்லது ஏணை குழந்தையை அமைதிப்படுத்த ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் தூளியின் அடிப்பகுதி வளைந்தும் இளகியும் இருப்பதால், உறுதியான சமதளப் படுக்கை என்னும் பரிந்துரைக்கு அது பொருந்துவதில்லை. வளைவில் குழந்தையின் தாடை மார்போடு ஒட்டினால் மூச்சுவழி குறுகும். துணி முகத்தை மூடவும் வாய்ப்புண்டு. தூளியில் ஆட்டும்போது அருகிலிருந்து முகத்தைக் கவனிப்பதும், உறங்கியபின் சமதளப் படுக்கைக்கு மாற்றி மல்லாந்து கிடத்துவதும் இடரைக் குறைக்கும்.

விழித்திருக்கையில் குப்புறக் கிடத்தல்

எப்போதும் மல்லாந்தே கிடக்கும் குழந்தைக்குப் பின்தலை சற்றுத் தட்டையாகலாம். இது பெரும்பாலும் தானே சீராகும். இதைத் தவிர்க்கவும் கழுத்து, தோள் தசைகள் வலுப்பெறவும், குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர் கண்காணிப்பில் சில நிமிடங்கள் குப்புறக் கிடத்தலாம். ஏழு வார அளவில் இதை நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடங்கள் வரை உயர்த்தலாம். குழந்தை அவ்வாறே உறங்கிவிட்டால் மல்லாத்திவிட வேண்டும்.

சிறப்பு நிலைகள்

மருத்துவமனையில் கருவிகளின் கண்காணிப்பிலுள்ள குறைமாதக் குழந்தைகளைச் சில வேளைகளில் குப்புறக் கிடத்துவதுண்டு. இம்முறையை வீட்டில் பின்பற்றலாகாது. இருபுறமும் தானாகவே புரளக் கற்ற குழந்தையை மல்லாந்து கிடத்தினால் போதும். உறக்கத்தில் அது தானே குப்புறினால், ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்ப வேண்டியதில்லை. ஆனால் படுக்கையில் வேறு பொருள்கள் இல்லாதிருத்தல் இக்காலத்தில் மேலும் இன்றியமையாதது. மூச்சுவழிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உரிய நிலையை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.